கடற்கரையில் என் சேலையைப் பிடித்த குழந்தை

போன வருஷம் கோடை விடுமுறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பெசன்ட் நகர் கடற்கரை. நான் சிறையிலிருந்து வெளியே வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எதற்காகப் போனேன் என்பது இங்கே வேண்டாம். தண்டனையை முழுசாக அனுபவித்துவிட்டுத்தான் வந்தேன். வடபழனியில் இருக்கும் என் அண்ணன் கதவையே திறக்கவில்லை. அடையாறில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லம்தான் என்னைச் சேர்த்துக்கொண்டது. நான் முருகனைக் கும்பிடுகிறவள். அங்கே இருந்த சிஸ்டர் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர்கள் ஜெபம் சொல்லும்போது நானும் ஓரமாக உட்கார்ந்து முருகனை நினைத்துக்கொள்வேன்.

அன்று சிஸ்டர் கடற்கரையை ஒட்டிய வேளாங்கண்ணி மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போனார். கூட்டத்துக்குள் போனால் எனக்கு மூச்சு முட்டும். மணலிலேயே இருக்கிறேன் என்று சொல்லி, சோளம் சுடும் வண்டிப் பக்கம் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து யாரோ என் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு பெண் குழந்தை. மூன்று வயது இருக்கும். அழுதழுது முகமெல்லாம் மணல். சுற்றிலும் பார்த்தேன். தேடி வருகிற மாதிரி யாருமே இல்லை.

பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிக்கொண்டிருந்த சமயம். என்னை மாதிரி ஒருத்தி கையில் ஊரார் பிள்ளை இருந்தால் யார் நம்புவார்கள்? எழுந்து போய்விடு என்றுதான் மனசு சொன்னது. எழுந்து நகரவும் செய்தேன். குழந்தையும் கூடவே வந்தது. அந்தப் பக்கம் கடல். விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பேரைக் கேட்டேன். "அம்மி, அம்மி" என்று மட்டும் அழுதது. உருது பேசும் வீட்டுப் பிள்ளை என்று புரிந்தது. "நக்கோ ரோ" என்றேன். அழாதே என்று அர்த்தம். சட்டென்று நிறுத்திவிட்டு இரண்டு கையையும் நீட்டியது. தூக்கிக்கொண்டேன்.

அதற்குள் ஆட்கள் கூடிவிட்டார்கள். "இன்னாம்மா, கொயந்த உன்னுதா? உன் ஜாடையே இல்லியே!" என்றார் ஒருவர். இன்னொருவர் போனில் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"வழி தவறி வந்துக்கீதுண்ணா. போலீஸாண்ட இட்டுகினு போறேன்" என்றேன். கூட்டம் பின்னாலேயே வந்தது.

கடற்கரைச் சாலையில் இருந்த போலீஸ் பூத்தில் ஒரு பெண் காவலர். விவரம் கேட்டு மைக்கில் அறிவித்தார். பிறகு குழந்தையை வாங்கப் பார்த்தார். அது வீறிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. நான் மறுபடியும் உருதில் சமாதானம் சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் வீட்ல இந்த பாஷையா பேசுவாங்க?"

"இல்ல மேடம்."

"அப்புறம் எங்க கத்துக்கின?"

பக்கத்து வீடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த ஒரு பொய்யில் மாட்டினால் நான் சொன்னது எல்லாமே பொய்யாகிவிடும். "ஜெயில்ல மேடம். கூட இருந்த ஒரு அக்கா பேசுவாங்க" என்றேன்.

உடனே ஒரே கூச்சல். "நான்தான் அப்பவே சொன்னேனே!" என்று யாரோ கத்தினார்கள். காவலர் அவர்களை அதட்டித் தள்ளி நிறுத்தினார். என்னிடம், "இங்கயே உக்காரு, நகராத. உன்னைத் தெரிஞ்சவங்க யாருனா கீறாங்களா?" என்றார்.

சிஸ்டருக்குப் போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். பூசை முடிந்திருக்காது. திரும்பத் திரும்பப் போட்டேன். முருகா, மாதாவே என்று இரண்டு பேரையும் சேர்த்தே கூப்பிட்டேன். மறுபடியும் உள்ளே போய்விடுவேனோ என்று பயந்து, சிஸ்டர் வரும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழந்தையோ என் தோளில் தூங்கிவிட்டது.

கடைசியில் சிஸ்டர் வந்தார். என்னைக் காணாமல் தேடி, சோளக்காரர் சொல்லி, செருப்பைக் கையில் பிடித்தபடி மணலில் ஓடி வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது.

"இவளை உங்களுக்குத் தெரியுமா?" என்றார் காவலர்.

"என்னங்க இப்படிக் கேக்கறீங்க? எங்க வீட்டுச் சாவியே இவகிட்டதான் இருக்கு" என்றார் சிஸ்டர். அவ்வளவுதான். வேறு எதுவும் வாதாடவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தார். குழந்தையின் பெற்றோர் வரும்வரை அந்தக் கையை எடுக்கவே இல்லை.

பெற்றோர் அலறியடித்துக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் ஒருவர் அந்தத் தாயிடம், "பாத்துக்கோம்மா, அந்தப் பொம்பள ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தவ" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் நேராக என்னிடம் வந்தாள். குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தவள், அப்படியே என் மேல் சாய்ந்து, "அக்கா, அக்கா" என்று தேம்பினாள். கிளம்பும்போது காவலர், "போய்ட்டு வாங்கம்மா" என்றார். அதுவரை என்னை நீ, வா, போ என்றவர்.

இப்போது அடையாறிலேயே ஒரு மகளிர் விடுதியில் சமையல் வேலை பார்க்கிறேன். இன்றும் கூட்டத்தில் ஏதாவது குழந்தை அழுதால் முதலில் எனக்கு வருவது பயம்தான். ஆனால் அந்தப் பயத்தோடேயே அதன் பக்கம் நடந்து போகிறவளாக அன்றைய சாயங்காலம் என்னை ஆக்கிவிட்டது.