சுடுகாட்டுத் தெருவில் ஒரு சிங்கம்

செஞ்சியில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால், பெற்ற பிள்ளைக்குத் தெரிவதற்கு முன் ஜெயக்கொடிக்குத் தெரிந்துவிடும். இட்லி மாவு வாங்க வருகிறவர்களிடம் மாவை ஊற்றிக்கொண்டே விசாரிப்பாள். "உங்க மாமனாருக்கு எப்பிடி இருக்குது? கஞ்சியாவது எறங்குதா?" இந்தக் காலத்தில் இப்படி யார் கேட்கிறார்கள் என்று அவர்களுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகும். அக்கறையெல்லாம் ஒரு நாய்க்காக என்று தெரிந்திருந்தால் மாவை அவள் தலையிலேயே கவிழ்த்திருப்பார்கள்.

அவள் வீடு சுடுகாட்டுக்குப் போகிற வழியில் இருந்தது. மேளம், ஆட்டம், வழியெல்லாம் வெடி. உயிரோடு இருந்தபோது ஒரு வாய் காபி கேட்டுக் கிடைக்காத கிழவருக்குக்கூடப் போகும்போது சரவெடிக்குக் குறைவிருக்காது. இவளுடைய நாயோ ஊசிவெடிக்கே நின்ற இடத்தில் மூத்திரம் விட்டுவிடும். அதற்குச் சிங்கம் என்று பேர் வைத்த புண்ணியவான் அவள் புருஷன் தங்கராஜ்.

தீபாவளியாவது காலண்டரில் இருக்கிறது. சாவு சொல்லிவிட்டா வருகிறது? அதுதான் அவளுக்கு ஓயாத டென்ஷன். போன தீபாவளிக்குச் சங்கிலி போட்டுக் கட்டினாள். சிங்கம் கழுத்துப் பட்டையை அறுத்துக்கொண்டு ஓடி, மெயின் ரோட்டில் வேனில் அடிபட்டு, ராஜகிரி மலை அடிவாரத்தில் புதருக்குள் கிடந்தது. அவள்தான் தேடித் தூக்கி வந்தாள். பின்னங்கால் இன்னமும் நொண்டல்தான். இன்னொரு தடவை ஓடினால் உயிரோடு கிடைக்காது என்று அவளுக்குத் தெரியும்.

"கட்டாதீங்கம்மா. உள்ள விட்டுக் கதவு ஜன்னல மூடிடுங்க. வெடி காதுல விழாதபடி வேற எதுனா சத்தம் போட்டு வைங்க" என்றார் மாட்டு டாக்டர். வேறு சத்தத்துக்கு எங்கே போவது? கிரைண்டர் இருக்கவே இருந்தது. அன்றிலிருந்து ஊரில் பிணம் எடுக்கிற நேரம்தான் அவளுக்கு மாவு அரைக்கிற நேரம். கிரைண்டர் ஓட ஓட, பக்கத்தில் கோணிமேல் சிங்கம் காதை மட்டும் ஆட்டிக்கொண்டு படுத்திருக்கும்.

பக்கத்துத் தெரு செல்லம்மாளும் இவளிடம் மாவு வாங்குகிறவள்தான். வந்தால் சிங்கத்தின் நொண்டிக்காலைத் தடவிக் கொடுக்காமல் போகமாட்டாள். அவள் படுக்கையில் விழுந்த பிறகு மாவு வாங்க மகன் இளவரசன் வந்தான். "டாக்டர் இன்னா சொல்றாரு?" என்று அவனிடம் தினமும் கேட்டாள் ஜெயக்கொடி. ஒரு நாள் அவன் வரவில்லை. போய்க் கேட்டால், அம்மா போய்விட்டாளாம்.

"எப்ப எடுக்கறீங்க?"

"அக்கா பெங்களூர்லேர்ந்து வரணும். சாயந்தரம் ஆயிடும்."

வாசலில் நின்று கேட்டதோடு சரி, சாவு வீட்டுக்குள் அவள் போகவில்லை. தங்கராஜ் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வந்து வீட்டில் படுத்திருந்தான். நோயாளி இருக்கிற வீட்டிலிருந்து சாவுக்குப் போகக்கூடாது, பிணம் தாண்டும்போது கதவும் திறந்திருக்கக்கூடாது என்று தெருவே சொல்லிவைத்திருந்தது.

பெங்களூர்க்காரி காரில் சீக்கிரமே வந்துவிட்டாள். வெயில் உச்சியில் இருக்கும்போதே தெருமுனையில் மேளம் கேட்டது. அரிசி கழுவிக்கொண்டிருந்த ஜெயக்கொடி அதை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். தெருவில் ஒவ்வொரு கதவாகச் சாத்துகிற சத்தம். ஓடிப்போய்த் தன் கதவையும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகுதான் கோணியைப் பார்த்தாள். சிங்கம் இல்லை.

வெளியே, கதவைப் பிறாண்டுகிற சத்தம். கூடவே முனகல்.

முதல் வெடி வெடித்தது. தாழ்ப்பாளில் வைத்த கை நகரவில்லை. கதவுக்கு அந்தப்பக்கம் பிணம். இந்தப்பக்கம் தையல் ஆறாத புருஷன். நடுவில் இந்த வாயில்லாத ஜீவன்.

"இன்னாடி பாத்துனு நிக்கிற? தொற" என்றான் தங்கராஜ், கட்டிலிலிருந்து.

"பொணம் எதிர்லியே இருக்குதுய்யா. நீ இருக்கிற இருப்புல..."

"எனக்கு வர்றது ஆஸ்பத்திரியிலியே வந்துட்டுப் போச்சு. அது ஓடிடப் போவுது, தொறடி!"

திறந்தாள். சிங்கம் அவள் காலுக்கிடையில் வந்து விழுந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அதை மடியில் இறுக்கிக்கொண்டு, முந்தானையால் தலையை மூடி, இரண்டு காதையும் பொத்தினாள். அதன் நெஞ்சு படபடவென்று அவள் வயிற்றில் அடித்தது. கதவைச் சாத்த அவளுக்குக் கை இல்லை.

வாசலுக்கு நேராகப் பாடை வந்தது. இத்தனை வருஷம் அந்தத் தெருவில் இருந்தும், போகிற யாரையும் அவள் பார்த்ததில்லை. வெடியை மட்டும்தான் கேட்டிருக்கிறாள். புகைக்குள் செல்லம்மாள் படுத்திருந்தாள். தாடையைச் சுற்றித் துணி, நெற்றியில் காசு. முகம் பாதியாக இளைத்திருந்தது.

மேளம் தள்ளிப் போனது. சிங்கத்தின் நடுக்கம் மெல்ல அடங்கியது. ஜெயக்கொடி மட்டும் விசும்பி விசும்பி அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் உள்ள வந்துடுச்சே, இன்னும் இன்னாத்துக்கு அழுவுற?" என்றான் தங்கராஜ்.

"செல்லம்மாக்கா செத்துட்டாங்கய்யா" என்றாள், அப்போதுதான் சேதி கேட்டவள் மாதிரி.