சான்றிதழ் மாட்டிய சுவர்

எங்கள் நூலகத்தின் வாசலுக்கு நேரெதிர்ச் சுவரில் ஏழு ஆணிகள் இருக்கின்றன. போன வருடம் பெயின்ட் அடிக்க வந்தவர்கள் பிடுங்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அவற்றை அடிக்கச் சொன்னவர் எனக்கு முன்பு இங்கே பொறுப்பாக இருந்த நூலகர். அவரை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கிறது.

கண்டியிலிருந்து அரை மணி நேர பஸ் தூரத்தில் உள்ள சின்ன நூலகம் இது. நான் இங்கே உதவி நூலகராக இருந்தபோது அவர் மாற்றலாகி வந்தார். முதல் நாள் கையில் ஒரு புத்தகம்கூட இல்லை. ஒரு பெட்டி நிறையக் கண்ணாடிச் சட்டங்கள்தான் வந்தன. பட்டச் சான்றிதழ் ஒன்று, நூலகவியல் டிப்ளோமா ஒன்று. சரி, படித்த மனிதர், மாட்டட்டும். மற்ற ஐந்தும் என்ன? தீயணைப்புச் செயலமர்வில் அரை நாள் உட்கார்ந்திருந்ததற்கு ஒன்று. முதலுதவிக்கு ஒன்று. தேநீரும் பணிசும் கொடுத்து அனுப்பிவிடும் கருத்தரங்குகளுக்கு மூன்று. எங்கள் பியூன் நானா ஏணியில் நின்று ஆணி அடித்தபடியே என் பக்கம் திரும்பி, "மிஸ், சேர்ட கலியாண போட்டோ மட்டுந்தான் மிச்சம்" என்றார்.

அந்த டிப்ளோமாக்காரரின் வேலை லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்றால் புத்தகங்களை உயரவாரியாக அடுக்கச் சொல்வார். வரலாறும் சமையலும் பல் வைத்தியமும் ஒரே உயரம் என்றால் ஒரே தட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் போன பிறகு எல்லாவற்றையும் பழையபடி ஒழுங்காக்க எனக்கு இரண்டு நாள் பிடிக்கும். யாராவது வந்து ஒரு புத்தகம் கேட்டால் தலையை நிமிர்த்தாமல், "உள்ளுக்குப் போய்ப் பாருங்க" என்பார். இதைச் சொல்வதற்கு மனிதர் இவ்வளவு படித்திருக்க வேண்டாம்.

சட்டங்களுக்கு இடம் வேண்டுமே, அதனால் அந்தச் சுவரில் இருந்த அறிவிப்புப் பலகையைக் கழற்றிப் பின்னறையில் சாத்திவிட்டார். அது என் பொறுப்பில் இருந்த பலகை. வாரா வாரம் அரசாங்கத்தின் வர்த்தமானி இதழ் வந்ததும், அதில் உள்ள வேலை வெற்றிடங்கள், வயதெல்லை, முடிவுத் திகதி எல்லாவற்றையும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி அதில் குத்தி வைப்பேன். தோட்டங்களிலிருந்து வருகிற பிள்ளைகள் பிரதி பண்ணிக்கொண்டு போவார்கள். "இந்த லிஸ்ட்டெல்லாம் ஒரு லைப்ரரிக்கு அழகா மிஸ்?" என்று கேட்டார் அவர்.

அவரிடம் இருந்த அதே டிப்ளோமா என்னிடமும் இருந்தது. மூன்று வருடம் சனி ஞாயிறுகளில் கொழும்புக்கு ரயிலில் போய் வந்து வாங்கியது. அதைப் பொலித்தீன் உறையில் போட்டு, வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாட்டிக்கொண்டு பீற்றுவது அற்பர்களின் வேலை, என் வேலையே என்னைக் காட்டும் என்று ஒரு திமிர். பட்டியலை வழக்கம்போல எழுதி என் மேசை லாச்சிக்குள் போட்டு வைத்தேன். தேவைப்பட்டவர்கள் என்னிடம் கேட்பார்கள்தானே என்று நினைத்துக்கொண்டு, புத்தகங்களுக்குத் திகதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

கலஹா பக்கத் தோட்டமொன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு பெண், மாதம் ஒருமுறை பேராதனையில் பஸ் மாறி எங்கள் நூலகத்துக்கு வருவாள். ஒரு நாள் காலை அவள் பலகை இருந்த இடத்தில் வந்து நின்றாள். ஏழு சட்டங்களையும் ஒன்றுவிடாமல் வாசித்தாள். பிறகு நேரே அவருடைய மேசைக்குப் போய் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொல்லித் தலையை ஆட்டினார். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள். கண்ணாடிக்கு ஒரு கும்பிடா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து என்னிடம் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தவள், தயங்கித் தயங்கிக் கேட்டாள். "மிஸ், தோட்டத்துப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி டீச்சர் எடுக்கிறாங்களாமே. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு இன்டவியூ கடுதாசி வந்திருக்கு. அது எப்ப மிஸ் போட்டாங்க?"

லாச்சியைத் திறந்தேன். பட்டியல் என் கையெழுத்தில் அப்படியே இருந்தது. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாளில், விண்ணப்பிக்க இன்னும் பத்து நாள் இருந்திருக்கிறது.

"அன்னைக்கு சேர்கிட்ட கேட்டேனே மிஸ். அப்படி ஒன்னும் வரல்லன்னாங்களே."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன். வெட்கம் கெட்ட கேள்வி.

"நீங்க சீல் குத்துறவங்கன்னு நெனச்சிட்டேன் மிஸ். சேர்தானே படிச்சவங்க, அவ்வளவு மாட்டி வச்சிருக்காங்களே." நான் எடுத்து வைத்த பட்டியலில் வயதெல்லையை விரல் வைத்து வாசித்தாள். "அடுத்த தடவை எடுக்கிறப்ப எனக்கு வயசு கடந்துரும்" என்றாள். அழவில்லை. அங்கத்துவ அட்டையையும் என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை.

அந்த மனிதரைத் திட்டித் தீர்க்க எனக்கு வார்த்தை போதாது. அப்படி ஓர் அறிவிப்பு வந்திருக்கிறதா இல்லையா என்று எழுந்து பார்க்கக்கூட அவருக்கு இடுப்பு வளையவில்லை. ஆனால் அவள் போன பிறகு என்னைத் திட்டவும் வார்த்தை போதவில்லை. மாட்டி வைத்தது அவருடைய பீற்றல் என்றால், சேலைக்கு அடியில் ஒளித்து வைத்தது என்னுடைய பீற்றல். யாரிடம் கேட்பது என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவிக்காமல் நான் பெரிய மனுஷியாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் மாற்றலாகிப் போனபோது ஏழு சட்டங்களையும் துணி சுற்றி, பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போனார். இப்போது பொறுப்பில் நான் இருக்கிறேன். இரண்டு ஆணிகளில் பழைய பலகை திரும்பவும் தொங்குகிறது. நடு ஆணியில் என் டிப்ளோமா. அதன் கீழே, வர்த்தமானி விபரங்களை என்னிடம் கேளுங்கள் என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். மாட்டிய அன்று நானா, "மிஸ்ஸுக்கும் சேர்ட சட்டம் மாட்டுற வருத்தம் தொத்திரிச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கே கூசத்தான் செய்கிறது.

மற்ற நான்கு ஆணிகளும் சும்மா இருக்கின்றன. அவளுடைய அட்டையும், உரிய நேரத்தில் எவர் கண்ணிலும் படாமல் போன அந்தப் பட்டியலும் இன்னும் என் லாச்சியில்தான் கிடக்கின்றன. நான் எப்படிப்பட்ட நூலகர் என்று உள்ளபடி சொல்லும் சான்றிதழ் அந்த இரண்டும்தான். அவற்றை ஓர் ஆணியில் மாட்ட எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.