நாலாம் நம்பர் போன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் தங்கை மல்லிகா கன்னியாஸ்திரி ஆகிவிட்டாள்.

அவளுக்கே தெரியாமல்!

வெள்ளிக்கிழமை தவறாமல் சிராங்கூன் சாலைக் காளியம்மன் கோயிலில் விளக்குப் போடுகிறவள். அவள் எப்படி மடத்தில் சேர்ந்தாள் என்று கேட்கிறீர்களா? அவளாகச் சேரவில்லை. நான் வாங்கிய போன் சேர்த்துவிட்டது. ஒயர் இல்லாத போன்... கார்ட்லெஸ் என்கிறார்களே, அதுதான்.

முதலிலிருந்து சொல்கிறேன். மல்லிகா தொடக்கப்பள்ளி ஆசிரியை. அப்பா அம்மா போன பிறகு தோ பாயோவில் எங்களோடுதான் இருக்கிறாள். வருகிற வரனையெல்லாம் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துக்கொண்டே இருந்தாள். ஒருவருக்குச் சிரிக்கத் தெரியவில்லை. இன்னொருவருக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை. எனக்குக் கவலை. என் மனைவி வசந்தாவுக்கு என்னைவிடக் கவலை.

அப்போதுதான் செம்பவாங்கிலிருந்து கணேசன் தன் அம்மாவோடு பெண் பார்க்க வந்தார். கப்பல் பழுது பார்க்கும் இடத்தில் எலெக்ட்ரிகல் டெக்னீஷியன். கேசரியைச் சாப்பிட்டுக்கொண்டே, எங்கள் வீட்டில் பல மாதமாக ஓடாமல் நிற்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை போலிருக்கிறது. எழுந்து போய், கழற்றி, கிளம்புவதற்குள் ஓட வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் மல்லிகா அந்தக் கடிகாரத்தில் மூன்று தடவை மணி பார்த்தாள். கையில் வாட்ச் கட்டிக்கொண்டு! வசந்தா என் விலாவில் இடித்தாள். எனக்கும் புரிந்தது.

மாப்பிள்ளையின் அம்மா மட்டும் அவசரப்படவில்லை. "அடுத்த ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்கு, எமகண்டத்துக்கு முன்னாடி, போன்ல முடிவு சொல்றோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கள் பழைய போன் வாசலோரம், செருப்பு அலமாரி மேல் இருந்தது. ஒயரின் நீளம் ஒரு முழம். பேசுகிறவர் கதவோரமாக நின்றுதான் பேச வேண்டும். கதவைத் தாண்டினால் பொது நடைபாதை. துணி உலர்த்துகிறவர், பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர், லிஃப்ட் நிற்காத ஏழாம் மாடிக்கு, ஐந்தாம் மாடியில் இறங்கிப் படியேறி வருகிறவர்... எல்லோர் காதிலும் விழும். பெண்ணிடம் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மாப்பிள்ளை கேட்டால்? நாலு பேர் கேட்க அவள் எப்படிப் பேசுவாள்?

அந்த நாலு பேரை உங்களுக்கும் தெரியும். 'நாலு பேர் என்ன சொல்வாங்க?' என்று சொல்லிச் சொல்லியேதான் நம்மை வளர்த்தார்கள். யார் அந்த நாலு பேர்? எங்கே குடியிருக்கிறார்கள்? இதுவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுக்குப் பயப்படாத நாளும் கிடையாது.

ஆகவே, நாலு பேர் காதில் விழாமல் பேச ஒரு கார்ட்லெஸ் போன் வாங்குவது என்று முடிவு செய்தேன். சனிக்கிழமை ரோச்சோர் பக்கம் ஒரு கடை. கடை முதலாளியான சீனத் தவ்கே பெட்டியைத் தட்டிக் காட்டினார்.

"மிஸ்டர், டாய்லட் ஆல்சோ கேன் டாக், லா! பட் நம்பர் சேம்-சேம் கெனாட். காச்சாவ் வன்!"

காச்சாவ் என்றால் மலாயில் தொல்லை. போனை வைக்கிற பீடத்தின் அடியில் பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. கையில் பிடிக்கிற போனிலும் அதே மாதிரி ஒன்று. இரண்டிலும் ஒரே நம்பரை வைத்தால்தான் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும். பக்கத்தில் வேறு யாராவது அதே நம்பரை வைத்திருந்தால், உங்கள் மணி அவர் வீட்டிலும் அடிக்கும். எனக்கா தெரியாது? பெரிய மனுஷத்தனமாகத் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் நம்பர் தேர்வு நடந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கக்கூட நாங்கள் இவ்வளவு யோசித்ததில்லை.

ஒன்று? கடையிலிருந்து வரும்போதே எல்லாப் போனும் ஒன்றில்தான் இருக்கும். சோம்பேறிகள் அப்படியே விட்டிருப்பார்கள். மூன்று? மூன்று பேராய்ப் போன காரியம் உருப்படாது. ஏழு என்றதும் ஏழரை ஞாபகம் வந்தது. எட்டு என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம்...

"எட்டு சனியோட நம்பருங்க! கல்யாணப் பேச்சு வர்ற போன்ல போய் அதையா வப்பாங்க?" என்றாள் வசந்தா.

அவள் சொல்லாவிட்டாலும் நான் வைத்திருக்க மாட்டேன். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் முக்கால்வாசிப் பேர் சீனர்கள். எட்டு அவர்களுக்கு யோகமான எண். ஆளுக்கு ஆள் எட்டில் வைத்திருப்பார்களே! அங்கே நாம் போய் நுழைய முடியுமா?

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று உதித்தது. நாலு! சீனத்தில் நாலும் சாவும் கிட்டத்தட்ட ஒரே ஒலி. கார் நம்பரில் நாலு வந்தாலே முகம் சுளிப்பார்கள். இந்தப் புளோக்கில் நாலாம் நம்பரை எவன் தொடுவான்? நமக்கென்றே காலியாக விட்டு வைத்த இடம்! என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, இரண்டு சக்கரத்தையும் நாலுக்குத் திருப்பினேன்.

பிறகு பழைய போனைத் துடைத்துப் பரணில் போட்டேன். புதிய போனைச் செருப்பு அலமாரி மேல் வைத்து ஏரியலை நீட்டினேன். அங்கே இருந்த வசந்தாவின் பிளாஸ்டிக் பூச்சாடி போன இடம் தெரியவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க நடந்து பார்த்தேன். ஹாலில் 'ங்ங்ங்' சத்தம் தெளிவு. சமையலறையில் தெளிவு. தவ்கே சொன்ன இடத்திலும் தெளிவு! முதல் அழைப்பாக வசந்தா தஞ்சோங் பகாரில் இருக்கும் தன் அக்காவைக் கூப்பிட்டு, படுக்கையில் சாய்ந்துகொண்டு முக்கால் மணி நேரம் பேசினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி. மல்லிகா நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஹாலில் மாணவர்களின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரே நோட்டை இரண்டு தடவை திருத்தியதை நான் பார்த்தேன்.

போன் அடித்தது. 'ட்ரி...' அவ்வளவுதான். பாதி மணியில் நின்றுவிட்டது. மல்லிகா எடுத்துக் காதில் வைத்தாள். கரகர என்று இரைச்சல்.

"ராங் நம்பரா இருக்கும்" என்றேன்.

பதினொன்றேகால். பதினொன்றரை. கணேசன் ஓட வைத்த கடிகாரம் நன்றாகவே ஓடியது. பன்னிரண்டு அடித்து, எமகண்டம் பிறந்தது. போன் வாயைத் திறக்கவில்லை.

"நீங்களே ஒரு போன் போட்டுக் கேளுங்களேன்" என்றாள் வசந்தா.

"பொண்ணு வீட்டுக்காரங்க நாமளே போன் பண்றதா? நாலு பேர் என்ன சொல்வாங்க?"

மல்லிகா நோட்டுகளை அடுக்கி வைத்தாள். "பரவால்ல அண்ணே. புடிக்கலன்னா புடிக்கல" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மதியம் சாப்பிட வரவில்லை. இத்தனை வரன்களை அவள் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அவளை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதுவும் அவளுக்குப் பிடித்துப்போன ஒருவர். பெற்றவர்கள் இல்லாத பெண்ணுக்கு இதைக்கூட ஒழுங்காகச் செய்து கொடுக்க முடியவில்லையே என்று என் மேலேயே கோபம் வந்தது.

வேடிக்கையைப் பாருங்கள். ஒரு போன் செய்திருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். நான் மடியில் போனை வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்!

மூன்று மணிக்குக் கதவு தட்டும் சத்தம். திறந்தால் கணேசன். கையில் ஹெல்மெட். மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார்.

"அண்ணே, மன்னிச்சுக்குங்க. அம்மா போக வேணாம்னுதான் சொன்னாங்க. எனக்குத்தான் மனசு கேக்கல. அவங்ககிட்ட ஒரு வார்த்த பேசிட்டுப் போயிடுறேன்."

கதவுக்குப் பின்னால் காது இருந்திருக்க வேண்டும். மல்லிகா தானே வெளியே வந்தாள். கணேசன் ஹெல்மெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நீங்க கன்னியாஸ்திரியா போகப் போறீங்கன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. உங்க டிசிஷன், நான் ரெஸ்பெக்ட் பண்றேன். சொல்லியிருந்தா இவ்வளவு தூரம்..."

"நானா? கன்னியாஸ்திரியா?" மல்லிகாவின் குரல் நடைபாதையின் கோடி வரை கேட்டிருக்கும். "யாரு சொன்னா?"

"இங்க போன எடுத்தவங்கதான். அம்மா, 'பொண்ணு வீடுங்களா? மாப்பிள வீட்லேருந்து பேசுறோம், எங்களுக்கு முழு சம்மதம், உங்க பொண்ணு என்ன சொல்லுது'ன்னு கேட்டாங்களாம். அதுக்கு, 'எங்க பொண்ணு இயேசுவுக்குத் தன்ன ஒப்புக்கொடுத்துட்டா, நீங்க வேற எடம் பாத்துக்குங்க'ன்னு ஒரு அம்மா சொன்னாங்களாம்."

மல்லிகாதான் முதலில் மெதுவாகத் தலையைத் தூக்கி விட்டத்தைப் பார்த்தாள்.

"அண்ணே... மேல் வீடு!"

மேல் வீட்டில் ஆரோக்கியசாமி அண்ணன் குடும்பம். புளோக்கில் எங்களை விட்டால் இருக்கும் ஒரே தமிழ்க் குடும்பம். அவர் மகள் ஃபிலோமினா மடத்தில் சேரப் போவது எல்லோருக்கும் தெரியும். ஜூரோங்கில் இருக்கும் உறவுக்காரர்கள் மட்டும் அதை நம்பாமல் வரன் மேல் வரனாக அனுப்பிக்கொண்டிருப்பதும் தெரியும்.

கணேசன் எங்கள் போனைத் தலைகீழாகத் திருப்பினார். "நாலா? ஏன் அண்ணே நாலு?"

சொன்னேன். சொல்லும்போது, நேற்று இருந்த பெருமை இல்லை.

எல்லோருமாக மேலே ஏறினோம். ஆரோக்கியசாமி அண்ணன்தான் கதவைத் திறந்தார். கையில் எங்களுடையதைப் போலவே ஒரு கார்ட்லெஸ் போன். ஒரு மாதமாக வைத்திருக்கிறாராம். நம்பர் என்ன என்று கேட்டேன்.

"நாலு!" அவர் முகம் மலர்ந்தது. "யோசிச்சு வச்சேன் தம்பி. சீனங்க யாரும் நாலத் தொட மாட்டாங்கள்ல?"

ஒரு புளோக்கில் இரண்டு அறிவாளிகள் இருந்தால் இதுதான் கதி.

விஷயத்தைக் கேட்டதும் அவர் மனைவி ஸ்டெல்லா அக்கா நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ சேசுவே! நான் ஜூரோங்லேருந்துன்னுல்ல நெனச்சேன்! அந்தம்மா பேரு ஒண்ணும் சொல்லலயே!"

எப்படிச் சொல்வார்? நம் ஆட்கள் போனில் பெயர் சொல்கிற வழக்கம் உண்டா? 'யாரு பேசுறது?' என்றால் 'நான்தான்' என்போம். பெண்ணுக்கும் பெயர் கிடையாது, மாப்பிள்ளைக்கும் பெயர் கிடையாது. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு... அவ்வளவுதான் விலாசம்.

ஸ்டெல்லா அக்கா மல்லிகாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழவே ஆரம்பித்துவிட்டார். "உன் வாழ்க்கைய நானே கெடுக்கப் பாத்தேனேம்மா." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நேத்து வசந்தா அவ அக்காகிட்டப் பேசுனதையும் நான் வேணும்னு கேக்கல தம்பி. எடுத்தேன், அதுவா கேட்டுச்சு. ஆனா ஒண்ணு... ஒரு ஆணிகூட நேரா அடிக்கத் தெரியாதுன்னு உங்களப் பத்தி அப்படி ஒரேயடியா சொல்லக் கூடாது."

வசந்தா அவசரமாக ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தாள்.

கணேசனுக்கு இதெல்லாம் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. "அப்ப நீங்க... மடத்துக்கு..." என்று இழுத்தார்.

"மடத்துக்கெல்லாம் போகல" என்றாள் மல்லிகா. "செம்பவாங்குக்கு வேணா வர்றேன்."

அண்ணன் நிற்கிறேன், அண்ணி நிற்கிறாள், மேல் வீட்டுக்காரர்கள் இருவர் நிற்கிறார்கள். சரியாக நாலு பேர்! எங்கள் முன்னால்தான் சொன்னாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆரோக்கியசாமி அண்ணன் மட்டும் மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண் கலங்கித்தான் போயிற்று. எதற்கு மறைக்க வேண்டும்?

கீழே வந்ததும் கணேசன் எங்கள் போனை எட்டாம் நம்பருக்கு மாற்றினார். வசந்தா முணுமுணுத்தாள். கணேசனோ, தான் சனிக்கிழமை பிறந்தவன், தன்னைச் சனி ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வாக்குக்கு மறுபேச்சு உண்டா? ஒரு காச்சாவ் இல்லை. ஆளுக்கு ஆள் எட்டில் வைத்திருப்பார்கள் என்றேனே, அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள்? திங்கட்கிழமை லிஃப்டில் பக்கத்து வீட்டு மிஸ்டர் லிம்மிடம் கேட்டேன்.

"எய்ட்-ஆ? எவ்ரிபடி ஷூர் வாண்ட் எய்ட், லா! ஸோ ஐ புட் ஃபைவ்" என்றார்.

எல்லோரும் எடுத்திருப்பார்கள் என்று எல்லோருமே விட்டு வைத்த நம்பர்! ஊரார் என்ன செய்வார்கள் என்று கணக்குப் போட்டே காலத்தைக் கழிக்கிறவர்கள் நாம் மட்டும் இல்லை போலிருக்கிறது. அந்தக் கணக்கைப் போடாமல், நேராக வந்து கதவைத் தட்டியவர் ஒருவர்தான். என் தங்கை கொடுத்து வைத்தவள்.

இப்போதெல்லாம் சாயங்காலமானால் மல்லிகா போனோடு அறைக்குள் போய்விடுகிறாள். என்ன பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. மேல் வீட்டுக்கும் தெரியாது. நேற்று படிக்கட்டில் பார்த்தபோது ஸ்டெல்லா அக்கா கொஞ்சம் ஏக்கத்தோடுதான் கேட்டார்: "முகூர்த்தம் என்னிக்கு தம்பி? இப்ப ஒண்ணுமே கேக்க மாட்டேங்குதே!"

தை மாதம் கல்யாணம். முதல் பத்திரிகை மேல் வீட்டுக்குத்தான். மாப்பிள்ளை வீட்டாரின் சம்மதம் முதலில் போய்ச் சேர்ந்த இடம் அதுதானே!