கழுதைக் காது வைத்த சாத்தான்

செவ்வாய்க்கிழமை காலை, தாழ்வுபாட்டுக் கரையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர், "பிலோமினா அக்கா விடியப்புறம் போயிட்டாவாம்" என்றார். என் வாயிலிருந்து வந்த சொல், "அப்பாடா!" எல்லோரும் திரும்பி முறைத்தார்கள். முறைத்தவர்களுக்கும், அக்காவை அறிந்த மற்ற எல்லோருக்கும் அந்த ஒரு சொல்லுக்காக நான் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா சீமெந்தில் பூச்சாடி செய்து விற்றுச் சீவித்தவர். போர்க்கால இடப்பெயர்வு முடிந்து நாங்கள் ஊர் திரும்பியபோது கோயிலில் வானதூதரான மிக்கேல் சம்மனசு சிலையாய் முழுசாக நின்றார். அவர் காலுக்குக் கீழே கிடந்த சாத்தான்தான் தூளாகியிருந்தான். ஈட்டியை ஓங்கிக்கொண்டு வெறும் நிலத்தை மிதித்தபடி நின்ற சம்மனசைப் பார்க்கவே பாவமாக இருந்தது. கோயிற்சபைச் செயலாளன் என்ற முறையில் புதுச் சாத்தான் ஒன்று செய்து தரும்படி நான்தான் அக்காவைக் கேட்டேன்.

"சாத்தானை நான் கண்டனானோ தம்பி? கண்டதுகளை வைச்சுத்தான் செய்வன்" என்றார். கோழிக்கூட்டுக் கம்பிவலையை வளைத்து உருவம் கட்டி, அதன்மேல் சீமெந்தைக் கையாலேயே அப்பினார். உடம்பு கடற்பசுவின் கொழுத்த உடம்பு. வால், முள்ளோடு கூடிய திருக்கை வால். அதைப் பார்த்த கடற்தொழிலாளிகள் முன்பு முள் குத்திய தங்கள் காலைத் தடவிக்கொண்டார்கள். தலையிலோ, மன்னார்த் தெருக்களில் நாம் தினமும் வழிவிட்டு ஒதுங்குகிற கழுதையின் இரண்டு நெட்டைக் காதுகள்!

சபைக் கூட்டத்தில் நான் எழும்பினேன். "ஆண்டவரைச் சுமந்த மிருகமெல்லோ அது? அதின்ர காதைச் சாத்தானுக்கு வைக்கலாமோ?" என்று கேட்டேன். அக்கா பதறவேயில்லை. "காது சின்னனெண்டா அவன் பூசையை எப்பிடிக் கேக்கிறது? கேட்டாலெல்லோ திருந்துவான்." சபையே விழுந்து விழுந்து சிரித்தது. பாதரும் சிரித்தார். எனக்கு வந்தது பக்தி என்றுதான் அன்று நினைத்தேன். அது பக்தியே இல்லை, வெறும் ரோசம்.

அடுத்த நாள் மத்தியானம், கோயிலில் ஆளில்லாத நேரம், இரும்பு அரியும் வாளால் இரண்டு காதையும் அறுத்தேன். கழுதை உரசி உடைந்துவிட்டது என்று ஊருக்குச் சொன்னேன். ஊரும் நம்பி, கழுதைகள் நுழையாதபடி கோயில் வளவுக்குப் படலை போட்டது. அந்த வாயில்லாச் சீவன்களுக்கு வேப்பமர நிழல் இல்லாமற் போனது. காதுகளை எறிய மனம் வராமல், பழைய சாரத்தில் சுற்றி அலுமாரிக்குள் ஒளித்தேன். அதைப் பூட்டி, பன்னிரண்டு வருடம் திறப்பை இடுப்பிலேயே வைத்திருந்தேன். மனைவி அலுமாரிப் பக்கம் போனாலே எரிந்து விழுவேன்.

போன கிழமை அக்காவுக்கு ஏலாது, படுத்த படுக்கை என்று கேள்விப்பட்டதும், காதுகளோடு போய்க் கட்டிலடியில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"கழுதைக்கு வாள் பிடிக்கத் தெரியுமோ தம்பி? அண்டைக்கே வெட்டைத் தடவிப் பாத்தனான்."

"பின்னை ஏன் அக்கா என்னட்டைக் கேக்கேல்லை?"

"நீயா வந்து சொல்லுவாய் எண்டு இருந்தனான். இவ்வளவு காலம் எடுப்பாய் எண்டு ஆர் கண்டது!"

மகளிடம் சீமெந்து கேட்டு, ஒரு தேத்தண்ணிப் பீரிசில் இரண்டு விரலால் தானே குழைத்தார். "ஓடிப்போய் ஒட்டு. காய முந்திப் போ." எனக்கு அழுகை வந்துவிட்டது, அழுதுகொண்டே ஓடினேன். ஒட்டிவிட்டுத் திரும்பி வந்து, ஒரு காது பின்பக்கம் திரும்பிவிட்டது என்றேன். "நல்லது. பூசைநேரம் வாசலில நிண்டு நீங்கள் கதைக்கிறதையும் கேப்பான்" என்றார்.

அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். ஒரு கிழமை பிந்தியிருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பேன்? அந்த "அப்பாடா"வுக்கு அர்த்தம் அவ்வளவே.

அடக்கப் பூசையன்று படலையை நானே கழற்றினேன். சம்மனசின் காலடியில் அவன் இரண்டு காதோடும் கிடந்து, அக்காவுக்கான பூசையை முழுதாகக் கேட்டான்.

அந்தப் பீரிசை மகள் எனக்கே தந்துவிட்டாள். காய்ந்த சீமெந்தில் அக்காவின் இரண்டு விரல்களும் பதிந்திருக்கின்றன. அலுமாரியில் காதுகள் இருந்த இடத்தில் அதை வைத்திருக்கிறேன். திறப்பு இப்போது கதவிலேயே தொங்குகிறது.