ஆறாவது வளைவில் நிற்காத ஜீப்

எங்கள் ஜீப்புக்கு என்னைவிட இருபது வயதாவது கூட இருக்கும். ராணுவத்தில் கழித்துக்கட்டி ஏலம் விட்ட வண்டியை யாரோ வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, அவருக்கும் அலுத்துப்போன பிறகு அப்பாவிடம் வந்து சேர்ந்தது. காலையில் மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு திருப்பத்தூருக்கு இறங்கும், சாயங்காலம் ஏறும். எட்டுப் பேர் உட்காரவேண்டிய இடத்தில் பதினாறு பேர் உட்கார்வார்கள். பலாப்பழமும் கோழியும் அதில் சேர்த்தி இல்லை. அம்மா பிரசவ வலியோடு மலை இறங்கியதும் அதில்தான் என்பதால் அந்த ஜீப்பின்மேல் எனக்கு ஒரு உரிமை இருந்தது. வேறு யாராவது முன்சீட்டில் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

இறங்கும் வழியில், ஆறாவது கொண்டை ஊசி வளைவில், ஒரு நாவல் மரம் உண்டு. அதனடியில் மஞ்சள் பூசிய மூன்று கற்கள். வளைவம்மன் என்பார்கள். பழைய ஜீப்காரர்கள் யாரானாலும் அங்கே நிறுத்தாமல் போகமாட்டார்கள். எல்லோரும் இறங்கிக் கைகாலை நீட்டுவார்கள், ஆண்கள் பீடி பற்றவைப்பார்கள், பெண்கள் கற்பூரம் ஏற்றுவார்கள். அப்பா மட்டும் நேரே சாமியிடம் போகமாட்டார். முதலில் வண்டியை ஒரு சுற்று வருவார். ஒவ்வொரு சக்கரத்தின் முன்னாலும் குனிந்து புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் வைத்திருப்பார். நாலு சக்கரத்துக்கும் அப்படிச் செய்துவிட்டுத்தான் கற்களைக் கும்பிடுவார். திரும்பி வந்து மறுபடி ஒரு சுற்று, மறுபடி புறங்கை. அதன் பிறகுதான் "ஏறுங்க" என்பார். சில நாள் அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகும்.

அதெல்லாம் பூஜையில் ஒரு பகுதி என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு மர வண்டி இருந்தது. அதன் சக்கரங்களுக்கும் அதே மாதிரி புறங்கை காட்டிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். அத்தை அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பாள். அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டு எங்கள் வீட்டோடு வந்துவிட்டவள். வாய் ஓயாது. முந்தானை முடிச்சில் எப்போதும் கற்பூரம் இருக்கும். வண்டி ஆறாவது வளைவில் நிற்பதற்குள் குதித்து இறங்கிவிடுவாள். அதற்காகவே பின்னால், ஓரத்தில்தான் உட்காருவாள்.

எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது மலைக்கு வெள்ளை வண்டி வந்தது. என் வகுப்பில் படித்த ஒருத்தியின் அப்பா வாங்கியது. கண்ணாடி ஏற்றி இறக்கலாம், பாட்டுப் பாடும், உட்கார்ந்தால் முதுகு வலிக்காது. அது வளைவம்மனிடம் நிற்காது. ஒரு ஹாரன் அடிக்கும், அதோடு சரி. சந்தை நாளில் யார் முதலில் கீழே போய்ச் சேருகிறார்களோ அவர்களுக்குத்தான் சந்தை முடித்துக் காத்திருக்கும் கூட்டம். நாங்கள் கீழே போகும்போது அந்த வண்டி நிரம்பி மேலே ஏறிக்கொண்டிருக்கும். பத்து வருஷமாக அப்பாவோடு வந்துகொண்டிருந்தவர்கள்கூட அவர் முகத்தைப் பார்க்காமல் அதில் ஏறினார்கள். நான் அவர்கள் ஒவ்வொருவரையும் முறைத்து வைத்தேன்.

பள்ளிக்கூடத்தில் அந்த வெள்ளை வண்டிக்காரரின் மகள் என்னைக் கேட்டாள். "உங்க ஜீப்பு ஓடி வர்தா, நடந்து வர்தா?"

வகுப்பே சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டில் எனக்கு முன்னாலேயே அம்மா அழுதுகொண்டிருந்தாள், வேறு காரணத்துக்காக. அந்தச் சமயம் எங்கள் பக்கத்தில் பிழைப்பு இல்லாத ஆண்கள் செம்மரம் வெட்ட ஆந்திரா போய்க்கொண்டிருந்தார்கள். போனவர்களில் சிலர் ஜெயிலில் இருந்தார்கள், சிலர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. ஆள் கூப்பிட வந்த ஒருவன் அன்றைக்கு எங்கள் வாசலிலும் நின்று பேசிவிட்டுப் போயிருந்தான். ஜீப் நின்றால் அப்பா கிளம்பிவிடுவார் என்று அம்மாவுக்குத் தெரியும். அந்த ஜீப்தான் அவரை மலையில் பிடித்து வைத்திருந்தது.

அம்மாவின் தம்பி திருப்பத்தூரில் மெக்கானிக். மாமாவுக்குச் சொல்லி அனுப்பியது அம்மாதான். அவர் வந்து பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இந்தக் கெழவனுக்கு வேற நெஞ்சு வெச்சா ஓடுவான் மாமா" என்று அப்பாவிடம் சொன்னார். எங்கேயோ மோதி நொறுங்கிய ஒரு வேனின் எஞ்சின் அவரிடம் இருந்தது. பங்குனியில் ஜீப் அவருடைய பட்டறைக்குப் போனது. அந்த வருஷத்துப் புளி விற்ற காசு முழுவதும் எஞ்சினாக மாறிவிட்டது.

நான் இரண்டு முறை அப்பாவோடு பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். வேன் எஞ்சின் பெரியது, பானெட் மூட மறுத்தது. மாமா பானெட்டை வெட்டி நடுவில் மேடு வைத்து வெல்டு அடித்தார். கியர் பாக்ஸை மாற்றினார். அகலமான டயர் போட்டார், அது மட்கார்டில் உரசியது, மட்கார்டையும் வெட்டினார். ஸ்டேரிங்கை ஒரு விரலால் திருப்பலாம்போல ஆக்கினார். சிவப்புப் பெயின்ட் அடித்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவும் ஆன பிறகு அப்பா கேட்டார், "பிரேக்கு?"

"பழசே நல்லாதான் கீது. ஏர்றதுக்குத்தான் மாமா எஞ்சினு வேணும். எறங்கறதுக்கு மலையே தள்ளி வுட்டுடும்" என்றார் மாமா.

பட்டறையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கொஞ்சம் தாமதமாக அப்பாவும் சிரித்தார். நான் அந்த வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு போய் வகுப்பில் சொன்னேன்.

ஏறுவதில் எங்கள் ஜீப் முதல் நாளே வெள்ளை வண்டியைத் தோற்கடித்தது. கிழவன் சீறிக்கொண்டு ஏறுகிறான் என்று ஊரே பேசியது. பழைய ஆட்கள் சிலர் வெட்கமில்லாமல் திரும்பி வந்தார்கள். அம்மா அழுவதை நிறுத்தினாள். ஆனால் இறங்கும்போது கதை வேறு. எவ்வளவு முன்னால் போனாலும் ஆறாவது வளைவில் அப்பா நிறுத்துவார், பழைய எஞ்சின் காலத்தைவிட அதிக நேரம் நிறுத்துவார். சக்கரங்களைச் சுற்றி வருவார், புறங்கை காட்டுவார், மறுபடி வருவார். அதற்குள் வெள்ளை வண்டி ஒரு ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போகும். ஜன்னலில் அவள் தலையை நீட்டி எனக்குப் பழிப்புக் காட்டுவாள். அந்த மூன்று கற்களின்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. எட்டி உதைக்கலாம்போல இருந்தது.

வைகாசி மாதத்துச் சந்தை நாள். பள்ளிக்கூடம் லீவு, நான் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஜீப்புக்குள் ஆட்கள், மேலே பலாப்பழம், பின்னால் ஓரத்தில் அத்தை. நாங்கள் முதலில் கிளம்பிவிட்டோம். மூன்றாவது வளைவில் திரும்பிப் பார்த்தபோது மேலே வெள்ளையாகத் தெரிந்தது. நாலாவது வளைவைத் தாண்டும்போது அதன் ஹாரன் சத்தம் கிட்டத்தில் கேட்டது.

"இன்னாடா தம்பி, கருகற வாசன வர்து?" என்றாள் அத்தை பின்னாலிருந்து.

"புதுப் பெயின்டு, அப்பிடித்தான் வரும்" என்றார் யாரோ. அப்பா பிரேக்கை ஒரு தரத்துக்கு இரண்டு தரமாக மிதித்தார். நான் அவர் காலைப் பார்த்தேன், பிறகு பின்னால் வெள்ளை வண்டியைப் பார்த்தேன். நாவல் மரம் தெரிந்தது.

அப்பா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார், "இன்னா பாப்பா, நிக்கலாமா?"

அதுவரை அவர் வண்டி விஷயத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வேணாம்ப்பா. நின்னா அவங்க போய்டுவாங்க."

"டே தம்பி, நிறுத்துடா. கற்பூரம் ஏத்திட்டு வந்துர்றேன்" என்று அத்தை குரல் கொடுத்தாள். அப்பா ஒரு ஹாரன் அடித்தார், வெள்ளை வண்டிக்காரர் அடிப்பாரே, அதே மாதிரி. ஜீப் வளைவைத் தாண்டியது. அத்தை முடிச்சை அவிழ்த்து, ஓடும் வண்டியிலிருந்தே கற்பூரத்தைக் கற்களைப் பார்த்து வீசினாள். நான் கைதட்டினேன். இன்றைக்கும் அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கிறது, எத்தனை தட்டு என்பதுகூடத் தெரியும்.

எட்டாவது வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்த அப்பாவின் கால் தரைவரை போனது. எடுத்து மறுபடி மிதித்தார், மறுபடி தரைக்குப் போனது. கியரைக் குறைக்கப் பார்த்தார், அது விழாமல் அரைத்துக்கொண்டு கத்தியது. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் பாறை.

"பாப்பா, கீழ குந்து" என்றார். நான் குந்துவதற்குள் இடது கையால் என் தலையைப் பிடித்து டேஷ் போர்டுக்கு அடியில் அழுத்தினார். ஒரு விரலால் திருப்பக்கூடிய ஸ்டேரிங்கை வலது பக்கம், தன் பக்கம், பாறையைப் பார்த்துத் திருப்பினார்.

பிறகு ஞாபகம் இருப்பது பலாப்பழங்கள். ஒவ்வொன்றாக ரோட்டில் உருண்டு போய்க்கொண்டிருந்தன. ஒன்று வெடித்துக் கிடந்தது, அதன் வாசனையும் கருகல் வாசனையும் சேர்ந்து வந்தது. ஜீப்பின் பின்பக்கம் வீசியடித்ததில் ஓரத்தில் இருந்த அத்தை தூரத்தில் போய் விழுந்திருந்தாள். முதலில் ஓடி வந்தது வெள்ளை வண்டிக்காரர்தான். தன் ஆட்களை நடுரோட்டில் இறக்கிவிட்டு அத்தையைத் தூக்கிப் படுக்கவைத்தார். அந்த வண்டி அன்றைக்கு எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போனது. அது போதவில்லை.

மற்றவர்களுக்குக் கை, கால், விலா. அப்பாவுக்கு வலது முழங்கால் நொறுங்கியது. எனக்கு நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

வளைவம்மன் கோபம் என்று ஊர் சொன்னது. நிற்காமல் போனதுமில்லாமல் நாய்க்கு எறிகிற மாதிரி கற்பூரத்தை எறிந்தால் விடுவாளா என்றார்கள். அப்பா கட்டிலில் படுத்துக்கொண்டு, "ஆமா, நிக்காம வந்தது என் தப்பு" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். மாமா ஒரு நாள் கட்டில் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, "மாமா, அந்தப் பிரேக்கு..." என்று ஆரம்பித்தார். "வுடு" என்றார் அப்பா. அதற்குமேல் அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அப்பா மறுபடி எந்த வண்டியையும் ஓட்டவில்லை. அந்தக் காலோடு ஆந்திராவுக்கும் போக முடியாது. அம்மாவின் பயம் அப்படித் தீர்ந்தது.

நான் மட்டும் காத்துக்கொண்டிருந்தேன். பாப்பாதான் வேண்டாம் என்று சொன்னாள் என்று அப்பா என்றைக்காவது சொல்லிவிடுவார் என்று பயந்து பயந்து காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆறாவது வளைவைத் தாண்டும்போதெல்லாம், என்னால்தான் நீ அத்தையை எடுத்துக்கொண்டாய், என்னை மன்னித்துவிடு என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். வருஷா வருஷம் அப்பா அங்கே கிடா வெட்டினார். அந்தக் கறியை நான் தொடமாட்டேன்.

இப்போது நான் கீழே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பழைய கார் ஒன்று வாங்கியிருக்கிறேன். போன தை மாதம் அப்பாவின் முழங்காலைக் காட்டுவதற்காக அவரை அதில் அழைத்துக்கொண்டு இறங்கினேன். மலையில் நான் வண்டி இறக்கியது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது வளைவில் அந்தக் கருகல் வாசனை வந்தது.

"நிறுத்து பாப்பா" என்றார் அப்பா.

நாவல் மரத்தடியில் நிறுத்தினேன். அவர் காலை இழுத்துக்கொண்டு இறங்கி, கதவைப் பிடித்தபடி கஷ்டப்பட்டுக் குனிந்து, முன்சக்கரத்துக்குக் கிட்டே புறங்கையைக் கொண்டுபோனார். நான் இன்னொரு பக்கம் போய் அதேபோலக் குனிந்தேன். சிறுவயதில் மர வண்டிக்குச் செய்தது. கை சக்கரத்தைத் தொடவே இல்லை, அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கிய தோசைக்கல் மாதிரி அனல் அடித்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

"ஆறட்டும். ஒரு பத்து நிமிஷம் நிக்கணும். சூடு ஏறினா பிரேக்கு புடிக்காது" என்றார்.

ஆறு வளைவு இறங்கினால் பழைய ஜீப்புக்கு எவ்வளவு சூடு ஏறும் என்று தெரிந்த யாரோ ஒருவர்தான் அந்த இடத்தில் முதலில் நிறுத்தியிருக்க வேண்டும். கற்கள் பிறகு வந்திருக்கும்.

"அன்னிக்கும் ஒனக்குத் தெரியுமாப்பா?"

அவர் கற்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாசன வந்துச்சே" என்றார்.

"அப்பறம் இன்னாத்துக்கு என்ன கேட்ட?"

அவர் சுற்றிப் போய்ப் பின்சக்கரத்துக்குப் புறங்கையைக் காட்டினார். கையை எடுக்காமல் வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

இத்தனை வருஷம் எல்லாப் பழியையும் அவர் அம்மன் தலையிலும் தன் தலையிலும் போட்டுவைத்தது, அது என்வரை வந்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் எதையும் மறக்கவில்லை. ஒன்பது வயதில், பதில் தெரியாதவர்கள்தான் கேள்வி கேட்பார்கள் என்று நினைத்திருந்தேன். அன்று எங்களுக்குப் பின்னால் வெள்ளை வண்டி வந்துகொண்டிருந்தது. வண்டி நிறைய அவரை விட்டுப் போய்த் திரும்பி வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அக்கா கத்தினாள் என்று நின்றால் பழைய ஆள் பழைய ஆள்தான் என்பார்கள், பிரேக் சரியில்லை என்று நின்றால் நாளைக்கு ஒருவரும் ஏறமாட்டார்கள். குழந்தை கேட்டது, நிறுத்தினேன் என்றால் யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். நிற்பதற்கு அவர் என்னிடம் ஒரு சாக்குத்தான் கேட்டார். நான் கொடுக்கவில்லை.