‘சாகுபடி செய்பவர்’ என்றொரு கட்டம்

சேற்றில் வாழும் ஒரு நுண்ணுயிரை வைத்துத்தான் நான் முனைவர் பட்டம் வாங்கினேன். ஆர்க்கியா என்பார்கள். பார்த்தால் பாக்டீரியா மாதிரி இருக்கும். ஆனால் வேறு வம்சம். வயல் சேற்றுக்குள் மீத்தேன் விட்டுக்கொண்டு கிடக்கும். தழைச்சத்து கிடைக்காவிட்டால் காற்றின் நைட்ரஜனிலிருந்து தானே அதைச் செய்துகொள்ளும் மரபணுவும் அதனிடம் உண்டு. ஆனால் வீணாகத் திறக்காது. சேற்றில் தழைச்சத்து இருக்கும்வரை ஒரு புரதம் அந்த மரபணுவின் வாசலில் உட்கார்ந்துகொண்டு, படிக்க வரும் நொதியைத் தொடங்கவே விடாது. பஞ்சம் வந்தால்தான் எழுந்துபோகும். தழைச்சத்துக்குப் போடும் யூரியாவை இன்னும் போடாத வயலில் அந்தப் புரதம் எழுந்துவிட்டதா என்பதுதான் என் கேள்வி.

குடவாசல் பக்கம் அப்பாவின் வயலில் சேறு எடுத்தேன். அப்பாவின் வயல் என்றால், பட்டா அப்பாவுடையது. நடவு முதல் அறுப்பு வரை பாடுபட்டது குத்தகைக்கு எடுத்திருந்த ஓர் அம்மாள். குத்தகைதாரர் பாதுகாப்பு பற்றி மேடைக்கு மேடை பேசிய காலம்தான். ஆனாலும் எந்தப் பதிவேட்டிலும் அவர் பெயர் ஏறவில்லை. அப்பா வயலைத் திருப்பிக் கேட்டார், அவர் விட மறுத்தார், வழக்கு நடந்துகொண்டிருந்தது.

எடுத்த சேற்றுக்கான விவரச் சீட்டை நான் நிரப்பும்போது அந்த அம்மாள் வரப்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"சாகுபடி செய்றவர்னு போட்டிருக்கே தம்பி. என் பேர எழுதுங்க. காலேஜு சீட்டுல இருந்தா கோர்ட்டுல காட்டலாம்."

"பாப்போம்" என்றேன். அப்பா பெயரை எழுதினேன். யூரியா போட்டாயிற்றா என்ற கட்டத்துக்கும் வீட்டுக்கு வந்து அப்பாவைத்தான் கேட்டேன். "இன்னும் போடலடா" என்றார். சேற்றில் நின்றவரை விட்டுவிட்டு மின்விசிறிக்கு அடியில் இருந்தவரைக் கேட்ட மேதாவி நான்.

சீட்டின் நகலை அப்பா கேட்டார். எதற்கென்று தெரிந்தேதான் கொடுத்தேன். சொந்த சாகுபடிக்கு அத்தாட்சியாக வக்கீல் அதைக் கோர்ட்டில் வைத்தார். அந்த அம்மாள் தோற்றார். வயல் எங்கள் கைக்கு வந்தது.

ஆய்வகத்திலோ மரபணு திறக்கவே இல்லை. மாதக்கணக்கில் ரசாயனத்தைக் குறை சொன்னேன், இயந்திரத்தைத் திட்டினேன். கடைசியில் என் வழிகாட்டி சீட்டை எடுத்துப் பார்த்தார்.

"யூரியா போடலைன்னு யாரு சொன்னது?"

ஊருக்குப் போனேன். அந்த அம்மாள் வேறொருவர் வயலில் கூலிக்குக் களை பறித்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு யூரியா போட்டிருந்தீங்களா?" என்றேன். அவரிடம் நான் மரியாதையாகப் பேசியது அதுதான் முதல்முறை. காரியம் ஆக வேண்டுமே. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

நிமிராமலே சொன்னார். "நீங்க சேறெடுக்க நாலு நாளைக்கு முன்னாடிதான் மேலுரமா யூரியா விசிறினோம். தண்ணிய வடிச்சிட்டு விசிறினோம். எழுதிக்குங்க தம்பி."

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். போடா என்று விரட்டியிருக்கலாம். அந்த யூரியாதான் மரபணுவை மூடி வைத்திருந்தது என்று விளங்கியது. என் ஆய்வு கரையேறியது. சீட்டில் யூரியா கட்டத்தை அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன்.

அதற்கு மேலே, ‘சாகுபடி செய்பவர்’ கட்டத்தில் அப்பாவின் பெயர் அப்படியே இருக்கிறது.