துண்டு இல்லாத படம்

திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் ஏழாவது மாடியில், செல்போன் திரைகளை வடிவமைக்கிற வேலை சீதாலக்ஷ்மிக்கு. பட்டன் பச்சையா நீலமா என்று கூட்டம் போட்டு இரண்டு மணி நேரம் பேசுவார்கள். அந்த நேரத்தில் அவள் மனசு நைசாக நழுவி, ஊரார் 'சாலை' என்று சொல்லும் பழைய கடைத்தெருவுக்குப் போய்விடும். காயமும் வற்றல் மிளகாயும் மணக்கும் அந்த நெரிசலில்தான் ஷைஜுவின் பிளக்ஸ் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஓடினால் கடையே அதிரும் ஒரு பிரிண்டர், ஒரு முக்காலி. அந்த முக்காலியில் இருபத்தொரு வயதில் அவள்.

பகலில் கடை. சாயந்தரம் தம்பானூரில் ஒரு மாடியில் விஷுவல் கம்யூனிகேஷன் வகுப்பு. எதைப் பெரிதாக்குவது, கண் முதலில் எங்கே விழும், எவ்வளவு இடத்தை வெறுமனே விடலாம்... எல்லாமே புதுசு, எல்லாமே ருசி. பஸ்ஸில் போகும்போது வழியில் தெரியும் கடைப் பலகைகளை எல்லாம் மனசுக்குள் திருத்திக்கொண்டே போவாள். அப்போது நடந்துகொண்டிருந்த பாடம்: வேண்டாததை எடுத்துவிடு, மிஞ்சுவதுதான் செய்தி.

2011இல் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு ஸ்ரீகுமார் என்று ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய அப்பா பகவதியப்பன் பிள்ளை விடியற்காலையில் இறந்துவிட்டார். சாலையில் நாற்பது வருஷம் பூட்டுக்கடை வைத்திருந்தவர். மூன்று மாதமாகப் படுக்கை, கடையும் அடைப்பு. வீடு கரமனையில், சாலைக்காரர்களுக்கு அது தெரியாது. மூன்று மணிக்கு உடலைச் சொந்த ஊரான பூதப்பாண்டிக்குக் கொண்டுபோகிறார்கள்.

"அதுக்குள்ள சாலைக்காரங்க வந்து பாக்கணும். அம்மாவுக்கு இப்ப அது ஒண்ணுதான். படம் கொஞ்சம் மரியாதையா இருக்கட்டும், கேட்டீங்களா?"

படத்தைப் பார்த்ததும் சீதாவுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. பூட்டு அண்ணாச்சி! தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் வருவாள். பெயர் அன்றைக்குத்தான் தெரிந்தது.

படத்தில் அவர் தலையில் சிவப்புத் துண்டு, நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி, பின்னால் வரிசை வரிசையாகப் பூட்டு. வேண்டாதது எல்லாவற்றையும் எடுத்தாள். பூட்டுகள் போயின, நூல் போயிற்று, துண்டு போய் அந்த இடத்தில் படிய வாரிய முடி வந்தது. இறந்தவர்களுக்குக் கோட்டு மாட்டுவது கடை வழக்கம், மாட்டினாள். பின்னால் வெளிர்நீலம். கீழே தமிழிலும் மலையாளத்திலும் பகவதியப்பன் பிள்ளை என்று பெரிய எழுத்து, அதற்கும் கீழே வீட்டு விலாசமும் நேரமும்.

"எடீ சீதே, ஆளைக் கலெக்டர் ஆக்கிட்டியே!" என்றான் ஷைஜு. அவள் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

பதினொரு மணிக்குப் பத்து இடத்தில் போர்டு ஏறிவிட்டது. ஒரு மணிக்கு ஸ்ரீகுமாரின் போன்.

"போர்டு வச்சீங்களா இல்லியா? சாலையிலேர்ந்து ஒரு ஆள் வரல்ல. அம்மா வாசலையே பாத்துட்டிருக்கு."

சீதா தெரு முக்குக்கு ஓடினாள். போர்டு பளிச்சென்று நின்றது. அதன் அடியில் மூட்டை தூக்கும் மூன்று பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாராக்கும் இது? ரிட்டயர்டு எஸ்.ஐ.யா?"

"போடே, மூஞ்சியைப் பாத்தா பேங்க் மேனேஜர்."

அவர்களில் சுவாமிதாஸை அவளுக்குப் பழக்கம், பாறசாலைக்காரர். "அண்ணே, பூட்டு அண்ணாச்சியைத் தெரியும்தானே?"

"தெரியாம பின்னே! எங்க வீட்டுப் பூட்டே அண்ணாச்சி தந்ததாக்கும். ஆளைக் கண்டு கொறே நாளாச்சு. எங்க போனாரு?"

சீதா மேலே கையைக் காட்டினாள். சுவாமிதாஸ் போர்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போர்டைப் பார்த்தார். டீ கிளாஸ் பாதியில் நின்றது.

"அய்யோ... இது அண்ணாச்சியா? தலையில துண்டு எங்க பிள்ளே?"

பிளக்ஸ் அடிக்க இனி நேரமில்லை. கறுப்பு வெள்ளைத் தாளில் நாற்பது பிரதி எடுத்தாள். துண்டு, நூல், பூட்டு எல்லாம் அப்படியே. மேலே மலையாளத்தில் 'பூட்டு அண்ணாச்சி'. கீழே வீட்டு நம்பர், கரமனை, மூன்று மணி. அவ்வளவுதான்.

"ஓரத்தில ஒரு ரோசாப்பூ வைக்கட்டே?" என்றான் ஷைஜு.

"பசையை எடுடா!"

சுவாமிதாஸும் கூட்டாளிகளும் தாள்களைப் பிடுங்கிக்கொண்டு போய் ஷட்டரில் ஒட்டினார்கள், கை வண்டிகளில் ஒட்டினார்கள். வண்டியோடு சேதியும் தெரு முழுக்க உருண்டது.

இரண்டரைக்கு ஷைஜுவின் ஸ்கூட்டரில் அவள் கரமனைக்குப் போனபோது சந்துக்குள் ஸ்கூட்டர் நுழையவில்லை. ஆட்டோக்கள், ஒரு மினி லாரி நிறைய ஆட்கள், அரிசி மண்டிக்காரர்கள், பாத்திரக்கடைக்காரர்கள். யாரோ கையில் வைத்திருந்த தாளை அண்ணாச்சியின் மனைவி முத்தாரம்மாள் வாங்கிப் பார்த்தாள்.

"இந்தத் துண்டோடயா போட்டீங்க? இதுக்கு எத்தனை சண்டை போட்டிருப்பேன் நான்!" அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் டிரைவர் ஹார்ன் அடித்தான். வரிசை சந்து முனையைத் தாண்டி நின்றது.

"அம்மா, ஊர்ல எல்லாரும் காத்திருப்பாங்க" என்றார் ஸ்ரீகுமார்.

"காத்திருக்கட்டும் மக்களே" என்றாள் முத்தாரம்மாள் மகனிடம். "இவங்க பாத்துட்டுப் போகட்டும்."

மூன்று மணி வண்டி கரமனையை விட்டுக் கிளம்பும்போது ஐந்தே கால்.